நூத்திப் பத்தொம்பதாம் படி

"செவ்வி, ஒரு விடுகதை. வந்துட்டுப் போன அப்புறம்தான் வந்ததே தெரியும். அது என்ன?"

"கொசு."

"கொசுவா? எப்படி?"

"கடிச்சிட்டுப் போன அப்புறம்தானே தெரியுது."

மங்கை அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். செவ்வந்தி படுத்திருந்தது அண்ணன் கபிலனின் கட்டிலில். அண்ணன் பத்தாவது முடித்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அவன் சுவரில் ஒட்டிய தனிம அட்டவணை மட்டும் இங்கேயே இருந்தது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. லீவில் வந்தால் இந்த அறையில்தான் தங்குவாள். வீடு மூன்றாவது மாடியில். அதற்கு மேல் மொட்டை மாடிதான். அதன் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும்.

"கொசு இல்ல. அந்த அட்டவணையில நூத்திப் பதினெட்டாம் கட்டத்துக்கு அப்புறம் என்ன, அப்புறம் என்னன்னு பகல் பூரா என்னைத் தொளைச்சு எடுத்தியே. அதுதான் விடை. கதையிலேயே வரும். பல்லாங்குழி டப்பா எங்க?"

"கால்கிட்ட."

"அதுல இருந்து புளியங்கொட்டை ஒரு கை அள்ளி வெச்சுக்க. அப்புறம் வேணும். எனக்கும் கொஞ்சம் குடு. லைட்டை அணைக்கட்டுமா?"

"ம்."

ஒரு ஊர்ல ஒரு படிக்கட்டு இருந்துச்சு.

"யார் வீட்டுப் படிக்கட்டு?"

யார் வீட்டுதும் இல்ல. வீடு கிடையாது, கோயில் கிடையாது, குளம் கிடையாது. வெறும் படிக்கட்டு மட்டும் தரையில இருந்து கெளம்பி மேல மேல போகும். ஒவ்வொரு படியும் இடுப்பு உயரம். ஒரு படி மாதிரி இன்னொரு படி இருக்காது. முதல் படி அவ்வளவு லேசு, கால வெச்சா புஸ்ஸுன்னு காத்து மாதிரி தூக்கிவிடும். இருபத்தாறாம் படி இரும்பு. மிதிச்சா 'ணங்'. எழுபத்தொம்பதாம் படி...

"தங்கம்! அண்ணன் சொல்லிக் குடுத்தான்."

தங்கமேதான். அதுக்கு அடுத்தது பாதரசம். தளதளன்னு ஆடும், அதுல யாரும் நிக்க மாட்டாங்க, ஓடிடுவாங்க. அப்புறம் எண்பத்து மூணைத் தாண்டிட்டா கல்லுக்கெல்லாம் உடம்பு சரியில்ல. தொட்டா கதகதன்னு இருக்கும். காதை வெச்சா உள்ளுக்குள்ள 'கிர்ர்... கிர்ர்'ன்னு கேக்கும். கொஞ்சம் கொஞ்சமா உதிரும். இன்னும் மேல போகப் போக, நின்னு உதிர்றதுக்குக்கூட அதுக்கு நேரம் இருக்காது. கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள கல்லு போயிடும்.

"அப்ப எப்படி ஏறுவாங்க?"

பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அது அந்த ஊர் வழக்கம். பேர் உள்ள படி கூப்பிட்டா வரும். ஒரு காலை ஊனி மறு காலைத் தூக்குற வரைக்கும் நிக்கும், அப்புறம் பொலபொலன்னு கொட்டிடும். அதனால அந்த ஊர்ப் பிள்ளைங்க பேரைச் சொல்லிக்கிட்டேதான் ஏறும். "மாஸ்கோவியம், லிவர்மோரியம், டென்னசின், ஒகனெசான்!" ஒகனெசான்தான் நூத்திப் பதினெட்டு. கடைசிப் பேர். அதுக்கு மேல...

"ம்?"

அதுக்கு மேல இருட்டு. நட்ட நடுப் பகல்லயும் அங்க மட்டும் இருட்டு. கையை நீட்டினா மணிக்கட்டு வரைக்கும் தெரியும், விரல் தெரியாது.

அப்புறம், அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரே வேலைதான். சில்லு எறியறது. சின்னப் படியில ஒரு சில்லு பேத்தெடுத்து, பெரிய படி மேல குறி பாத்து எறிவாங்க. ரெண்டும் ஒட்டிக்கிச்சுன்னா, ரெண்டு நம்பரும் சேந்து ஒரு புதுப் படி. இருபத்து ரெண்டாம் படிச் சில்லு, தொண்ணூத்தேழாம் படியில ஒட்டிக்கிச்சுன்னா?

"இரு, இரு... நூத்திப் பத்தொம்பது."

ஆனா ஒட்டாதே! டிங்குன்னு தெறிச்சுடும். காலையில ஆரம்பிச்சா டிங், டிங், டிங். சாப்பிடப் போறவங்க கையில இருந்து அடுத்தவங்க வாங்கி எறிவாங்க. டிங், டிங். மழை வந்து, வெயில் வந்து, மறுபடி மழை வந்தாலும் டிங், டிங்தான். எப்பவோ ஒரு தடவை ஒட்டும். அப்போ மேல அந்த இருட்டுல ஒரு புதுப் படி மொளைக்கும். நீ நிமிந்து பாக்கிறதுக்குள்ள அது இல்ல.

"அப்ப மொளைச்சுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அதுல இருந்து யாரோ எறங்குவாங்க.

"யாரு?"

தெரியாது. யாரும் பாத்ததில்ல. காலடி மட்டும் கேக்கும். ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி எறங்கும். தொப்... தொப்... மிதிக்கிற படியெல்லாம் அது காலுக்குக் கீழயே உதிந்துக்கிட்டு வரும். நூத்தி அஞ்சாம் படி வந்ததும், படார்! அவ்வளவுதான். அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது.

கீழ்ப் படிச் சத்தமெல்லாம் ஊருக்கு மனப்பாடம். அதனால கடைசிச் சத்தத்தில இருந்து பின்னாடியே எண்ணிக்கிட்டு மேல போவாங்க. நூத்தி அஞ்சு, நூத்தி ஏழு, நூத்தி ஒம்பது, இப்படி. ஏழு காலடின்னா அது நூத்திப் பதினேழுல கெளம்பியிருக்கு. அது பழைய ஆளு, பேர் வெச்சாச்சு. எட்டுக் காலடி கேட்டா?

செவ்வந்தி விரல் விட்டு எண்ணினாள். "நூத்திப் பத்தொம்பது. அத்தை, விடுகதை! வந்துட்டுப் போன அப்புறம்தான் வந்ததே தெரியும்!"

அந்தப் படிதான்டி விடை. கொசு இல்ல.

"கொசுவும் சரிதான்."

சரி, கொசுவும் சரி. கேளு. அந்தக் காலடியைக் கேக்கிறதுக்குன்னே படிக்கட்டுக்குக் கீழ ஒரு இருட்டு அறை கட்டியிருந்தாங்க, காதறைன்னு பேர். நடுவுல ஒரு மண் சுவர். சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் படிக்கட்டுல காதை வெச்சு உக்காருவாங்க, அந்தப் பக்கம் இன்னொருத்தர். இவங்க காது, அவங்க மறுகாது. ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தடவித் தடவித் தரையில வெப்பாங்க. படார்னு கேட்டதும் வெளிய வந்து கொட்டையைக் காட்டுவாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கணக்கு. அதுவும் ஒரு தடவை போதாது. இன்னொரு தடவை, ரெண்டு காதுக்கும் அதே மாதிரி கேக்கணும். அப்பதான் பேர்.

"ரெண்டு தடவை எதுக்கு?"

கேக்காத படிக்குப் பேர் வெச்சுட்டா, அது வெச்சவங்க பேரை எடுத்துக்குமாம்.

"ம்..."

தூங்கிட்டியா?

"இல்ல. பயமா இருக்கு. சொல்லு."

அந்த ஊர்ல காத்தாயின்னு ஒரு பொண்ணு. அவளுக்கு ஒரு அண்ணன், பேச்சிமுத்து. சில்லு எறியறதுல அவனை மாதிரி ஆள் இல்ல. சின்ன வயசுல இருந்தே ஊர்ல ஒரு பேச்சைக் கேட்டு வளந்தவன். அதாவது, இருட்டுக்குள்ள கொஞ்சம் மேல போனா நூத்தி இருபதாம் படி ஒரு அகல மேடையா இருக்கும், அங்க கல்லு உதிராது, சம்மணம் போட்டு உக்காரலாம்னு. பாத்தவங்க யாரும் இல்ல. கணக்குப் போட்டுச் சொன்னதுதான்.

ஒரு நாள் பேச்சிமுத்து ஒவ்வொரு படியாப் பேர் சொல்லி மேல போய்ட்டான். "ஒகனெசான்!"னு கூப்பிட்டு அதுல கால வெச்ச நேரம் பாத்து, கீழ ஒரு சில்லு ஒட்டிக்கிச்சு. தலைக்கு மேல புதுப் படி மொளைச்சிருக்கு. அவன் யோசிக்கவே இல்ல, தாவிட்டான். அதுக்கு மேலயும் தாவிட்டான். அப்புறம் அந்தப் புதுப் படி உதிந்துடுச்சு. கீழ இருந்தவங்க அவன் குதிகாலைத்தான் கடைசியாப் பாத்தாங்க.

"எறங்கி வரலியா?"

எதுல எறங்குவான்? கீழ நூத்திப் பதினெட்டைக் கூப்பிட்டா வரும், பேர் இருக்கு. நடுவுல இருக்கிற நூத்திப் பத்தொம்பதை எப்படிக் கூப்பிடுறது?

"ரெண்டாத் தாண்டி குதிச்சா?"

இருட்டுல குதிச்சு விழுந்தா அந்தக் கல்லு தாங்காது. மெதுவா ஊனணும். ரெண்டு ரெண்டாத் தாண்டுறது அந்தக் காலடிக்காரங்களுக்குத்தான் முடியும். மனுஷனுக்கு நடுப்படி வேணும்.

அப்போ காத்தாயி என்ன பண்ணா, சில்லு எறியறதை விட்டுட்டுக் காதறைக்குப் போய் உக்காந்துட்டா. நூத்திப் பத்தொம்பதை ரெண்டு தடவை கேட்டுட்டாப் போதும். பேர் வெச்சுடலாம், அண்ணன் எறங்கி வந்துடுவான். மறுகாதுக்கு அவ சித்தி பொன்னுத்தாயி வந்து உக்காந்தா. வெளிய டிங், டிங், டிங். உள்ள இருட்டு.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் கேட்டுச்சு. தொப்... தொப்... தொப்... படார்! காத்தாயி வெளிய ஓடியாந்து கையை விரிச்சா. எட்டு. சித்தி கையில ஏழு.

"ஏ காத்தாயி, மொத கொட்டை எதுக்கு வெச்ச?"

"கேட்டுச்சு சித்தி."

"எப்படிக் கேட்டுச்சு?"

"லேசா. பக்கத்துல இருந்து."

"பக்கத்துல இருந்து கேட்டா அது உன் நெஞ்சுடி."

ஊர்க்காரங்க கொட்டையைக் கலைச்சுட்டுப் போய்ட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது தடவை. இந்தத் தடவை காத்தாயி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. கேட்டுச்சா, கேக்கணும்னு நெனச்சாளா, அவளுக்கே தெரியல. மறுபடி எட்டு வெச்சா. சுவத்துக்கு அந்தப் பக்கம் சித்தி கேட்டது ஏழுதான். ஆனா இவ விசும்புறது சுவர் தாண்டிக் கேக்குது. சித்தி பாத்தா. இருட்டு. ஒரே ஒரு கொட்டை. மெதுவா எடுத்து அந்த ஏழுக்குப் பக்கத்துல வெச்சுட்டா.

"ஐயோ. தப்பு."

தப்புதான். வெளிய வந்தா எட்டும் எட்டும். ஊருக்குச் சந்தோஷம். "ஒரு தடவை ஆச்சு, இன்னொரு தடவை கேக்கட்டும்"னு ஒருத்தர் சொன்னார். காத்தாயி விடல. "போன தடவையும் நான் எட்டுதானே வெச்சேன்? அதைச் சேத்துக்கங்க, ரெண்டு ஆயிடுச்சுல்ல?"ன்னு அழுதா. பேச்சிமுத்துவை அந்த ஊர்ல யாருக்குத்தான் பிடிக்காது? எல்லாருக்கும் மனசு எளகிப் போச்சு. சரி, சேத்துக்கலாம்னுட்டாங்க.

அந்தப் படிக்கு அண்ணன் பேரையே வெச்சா. இருட்டைப் பாத்து ஊரே மூணு தடவை கூப்பிட்டுச்சு. "பேச்சிமுத்து! பேச்சிமுத்து! பேச்சிமுத்து!"

"வந்தானா?"

வந்தான். சிரிச்சுக்கிட்டே எறங்கி வந்தான். அதே மொகம், அதே சட்டை. காத்தாயி ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டா. எல்லாரும் கூடிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, அத்தனை காலும் சரக் சரக்னு நடக்குது. வீட்டு வாசல்ல எல்லாரும் நின்னுட்டாங்க, அவன் மட்டும் உள்ள போனான். அப்பதான் காத்தாயிக்கு உறைச்சுது.

"என்ன?"

சத்தமே இல்ல.

"எப்படி?"

கால் தரையில படுது, சத்தம் இல்ல. கட்டில்ல உக்காந்தான், கட்டில் கிறீச்சுங்கல. சாப்பாடு போட்டாங்க, கையைக் கையை வாயில வெச்சுக்கிட்டான், தட்டுல சோறு வெச்சபடியே இருக்கு. மறுநாள் வாசல் தெளிச்ச ஈரத்துல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான், ஒரு தடம் விழல. யாரையும் அவன் பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்ல. சாயங்காலம் ஆனா மட்டும் வாசல்ல வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுவான். "அடுத்த படிக்கும் பேர் வைங்க. மேல இன்னும் நாங்க நெறைய பேர் இருக்கோம்."

செவ்வந்தி போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு காலையில சித்தி கொல்லையில இருந்து கூப்பிடுறா. "ஏ... ஏ... ஏ புள்ள..." பேர் வரல அவளுக்கு. நாக்கு நுனியில இருக்கு, வரல. காத்தாயி திரும்பி, "என்ன..."ங்கிறா, அவளுக்கும் 'சித்தி'க்கு மேல அவ பேர் வரல. அவங்க அம்மா வந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "நீங்க யாரு தாயி?"ன்னா. நேத்து வரைக்கும் தலை வாரிவிட்ட அம்மா.

அந்தப் பொண்ணு அன்னிக்குப் பூரா மூலையில உக்காந்து தன் பேரைத் தேடினா. கா... கா... அதுக்கு மேல போகல. அப்புறம் எந்திரிச்சு ஊர் நடுவுக்குப் போனா. எட்டுக் கொட்டையைத் தரையில வரிசையா வெச்சா.

பின்னாடியே அவனும் வந்து நின்னான். "தங்கச்சி, என்னைப் போகச் சொல்றியா?" அதே குரல்டி செவ்வி. தலைவலிச்சா நெத்தியில கை வெச்சுப் பேசுற குரல்.

"ம்..."

இவ திரும்பிப் பாக்கல. மொத கொட்டையை எடுத்தா. "இதை நான் கேக்கல"ன்னா, ஊருக்கே கேக்குற மாதிரி. கூட்டத்துல இருந்து சித்தி வந்தா. அவளும் தன் எட்டுக் கொட்டையை வெச்சு, அதுல ஒண்ணை எடுத்து, "நானும் கேக்கல. இவ அழுததைத்தான் கேட்டேன்"ன்னா.

திரும்பிப் பாத்தா அவன் இல்ல. நின்ன எடத்துல தூசிகூடக் கலையல. அப்போ சித்தி வாய்ல இருந்து பேர் வந்துச்சு. "காத்தாயி!" இவ, "பொன்னுத்தாயிச் சித்தி!" ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சுங்க.

"அப்ப நெஜ அண்ணன் மேலயே இருக்கானா?"

மேலயே இருக்கான். காத்தாயி மறுபடி காதறைக்குப் போனா. இந்தத் தடவை சித்தி முந்தானையைக் கிழிச்சு இவ வாயைக் கட்டிவிட்டா, அழுகைச் சத்தம் சுவர் தாண்டக் கூடாதுன்னு. வெளிய டிங், டிங், டிங். இவளுக்குத் தலைமுடி ஒண்ணு ரெண்டு வெளுத்துச்சு. டிங், டிங். சித்திக்குக் காது மந்தமாகி, மறுகாதுல சித்தி மக வந்து உக்காந்தா. டிங். அப்புறம் டிங் கேக்கல.

"ஒட்டிக்கிச்சு!"

ஒட்டிக்கிச்சு. காதை வெச்சா. ரொம்ப மேல, அவ இதுவரைக்கும் கேக்காத ஒரு சத்தம். கல்லுச் சத்தம் இல்ல, இரும்புச் சத்தம் இல்ல. தொப். கொட்டையை வெச்சா. தொப். தொப். தொப். தெரிஞ்ச படியெல்லாம் ஒண்ணொண்ணா வருது. தொப். தொப். தொப். தொப். படார்!

வெளிய வந்தா எட்டு. சித்தி மக கையில எட்டு.

அப்போ மேல இருட்டுல இருந்து ஒரு குரல். "காத்தாயீ..."

"பேர் சொல்லிக் கூப்பிட்டான்!"

ஆமா. அந்தச் சத்தமில்லாதவன் ஒரு நாளும் கூப்பிடாத பேர். "காத்தாயீ... படி வந்துச்சு. அது பேர் என்ன, சொல்லு. கூப்பிட்டு எறங்கி வந்துடுறேன்."

ஊரே இவளைப் பாக்குது. ரெண்டு காதுக்கும் கேட்டாச்சு. ஆனா ஒரு தடவைதான். பேரை இவ நாக்குலயே வெச்சிருக்கா. சொன்னாப் போதும். வாய்க்கட்டை அவுத்தா. மேல பாத்தா. சொன்னா, "இருண்ணே. இன்னொரு தடவை கேக்கணும்."

மேல இருந்து, "எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலண்ணே."

"சரி. உக்காந்திருக்கேன். இங்க உக்கார எடம் இருக்கு."

அவ்வளவுதான். காத்தாயி மறுபடி உள்ள போய்க் காதை வெச்சுக்கிட்டா. இன்னும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கா. ஊர் ஊரா ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கா, எந்த ஊர்க் காதுக்குக் கேட்டாலும் செல்லும், ஒரு காதும் ஒரு மறுகாதும் இருந்தாப் போதும்னு.

"அத்தை."

"என்ன?"

"ஆபீஸ்ல நீ பண்றதும் இதானே?"

"கிட்டத்தட்ட. அங்க புளியங்கொட்டை கிடையாது, கம்ப்யூட்டர். தூங்கு."

"நான் காதா இருக்கேன். ஒரே ஒரு தடவை. நீ தட்டு, நான் கொட்டை வெக்கிறேன். நீ மறுகாது."

"தட்டுறவளே எப்படிடி மறுகாதா இருக்கிறது?"

"வலது கையில தட்டு. இடது கையில வெச்சுக்க."

அத்தை பெருமூச்சு விட்டாள். "சரி. பழைய ஆளையே எறக்குறேன், நூத்திப் பதினேழு. அதுக்கு அப்புறம் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது."

செவ்வந்தி எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் காதை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொப்... தொப்... கடைசியில் அத்தை வலது உள்ளங்கையால் சட்டத்தை ஓங்கி ஒரு அடி அடித்தாள். படார்.

விளக்கு எரிந்தது. போர்வை மேல் கொட்டைகள் ஒரே வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தன. பல்லாங்குழியில் தன் குழிக்கு ஒரு கொட்டை அதிகமாக விழுந்தால்கூடத் தானே சொல்லித் திருப்பிக் கொடுக்கிற பெண் அவள்.

அத்தை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"எட்டு இருக்குடி."

"ஆமா."

"நான் தட்டுனது ஏழு."

"நீ தட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. மேல இருந்து."

இருவரும் மேலே பார்த்தார்கள். சீலிங்கில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மொட்டை மாடி பூட்டியிருக்கே கண்ணு."

"தெரியும்."

"உன் நெஞ்சா இருக்குமோ?"

செவ்வந்தி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "இது இப்பவும் அடிக்குது. அது வேற சத்தம்."

"அண்ணன் ஞாபகமா இருக்கும். கட்டில் அவனோடதுல்ல?"

அவள் அத்தையின் பக்கம் திரும்பி, "உன் கையில எத்தனை?" என்றாள்.

அத்தையின் இடது கை மூடியிருந்தது. "காது சொல்ற வரைக்கும் மறுகாது கையைத் தொறக்கக் கூடாது. நீ முதல்ல முடிவு பண்ணு. நெஜமாக் கேட்டுதுன்னா, இது ரெண்டாவது தடவை. பேர் வெச்சுடலாம், பேச்சிமுத்து எறங்கி வந்துடுவான். கேக்காமலே பேர் வெச்சா, வரப்போறது யாருன்னு உனக்கே தெரியும். அந்த முதல் கொட்டை இருக்கட்டுமா, எடுத்துடுறியா?"

"ம்..."

"கதை போய்ப் படுத்துக்கிச்சு. சொல்லிட்டு நீயும் படு."

செவ்வந்தி அந்தக் கொட்டையை எடுக்கவில்லை.